கோணச் சாணை: தெரிவும் கையாளலும்

சாணை என்னும் சொல் நமக்குப் புதியதன்று. கத்தி, அரிவாள், கத்தரிக்கோல் ஆகியவற்றின் வாய் மழுங்கினால் அவற்றைச் சாணை பிடிப்பிக்கும் வழக்கம் நெடுங்காலமாக நம்மிடையே இருந்துவருகின்றது. மரச் சட்டமொன்றைத் தோளிற் சுமந்து தெருத் தெருவாக வந்து, காலால் மிதித்துக் கல்லைச் சுழற்றிக் கத்தி தீட்டிக் கொடுத்த சாணைக்காரரை என் வயதினர் பலர் கண்டிருப்பர். சிறுவர் அவரைச் சூழ்ந்து நின்று தீப்பொறி பறப்பதை வேடிக்கை பார்ப்பர். மனிதனுடைய கால் மிதிக்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டாதலின் அக்காட்சியில் அச்சத்துக்கு அதிகம் இடமிருக்கவில்லை. இன்றோ அச்சாணை மின்சாரத்தால் இயங்குகின்றது. கையிலே தூக்கிப் பிடிக்கத்தக்க அளவினதாயிற்று. நிமிடமொன்றுக்குப் பதினோராயிரம் முறை சுழல்கின்றது. பட்டறைகளிலும் கட்டட வேலைத் தலங்களிலும் ‘கிறைண்டர்’ என்று வழங்கப்படும் அக்கருவியைக் குறித்தே இன்று பேச விழைகின்றேன். சமையலறையில் மா அரைக்கும் கிறைண்டரோடு மயங்காதிருக்கும் பொருட்டு இதனைக் கோணச் சாணை எனக் குறிப்பிடுவேன்.

பாடசாலை அதிபர் ஒருவருக்கு இரும்பு வெட்டும் கருவியில் என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கக்கூடும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர் சிலர் வெல்டிங் பட்டறைக்கும் கராஜுக்கும் கட்டட வேலைக்கும் தொழில் பழகச் செல்கின்றனர். முதல் நாள் அவர்களுக்குத் தேநீர் வாங்கிவரும் வேலை கிடைக்கும். இரண்டாம் நாள் கோணச் சாணை கைக்கு வரும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு பெருமை. அதனை எவ்வாறு பிடிப்பது என்று காட்டிக் கொடுப்பார் உண்டு. அது எவ்வாறு ஒருவனைப் பிடிக்கும் என்று சொல்லிக் கொடுப்பார் சிலரே.

இக்கருவியின் வரலாறு மிகப் பழையதன்று. ஜேர்மனியில் அக்கர்மன், ஷ்மிட் என்னும் இருவர் 1922 ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, வளையுந் தண்டொன்றினால் இயங்கும் கைச் சாணையைச் செய்து விற்றனர். அத்தண்டின் வளையுந் தன்மையை ஒட்டி ‘ஃபிளெக்ஸ்’ என்பது அவர்களுடைய வாணிகப் பெயராயிற்று. அந்நிறுவனமே 1954 ஆம் ஆண்டில் அதிவேகக் கோணச் சாணையை வெளியிட்டது. அதன்பின் ஜேர்மன் மக்கள் எந்த நிறுவனம் செய்த கோணச் சாணையையும் ‘ஃபிளெக்ஸ்’ என்றே அழைக்கலாயினர். பெயர் வினையாகவும் மாறி, ‘ஃபிளெக்சென்’ என்றால் அக்கருவியினால் அறுத்தல் என்று பொருள்படுகின்றது. ஒரு பொருள் மக்கள் வாழ்வில் எவ்வளவு ஆழமாகப் புகுந்தது என்பதற்கு அது மொழியிற் புகுந்த விதத்தைக் காட்டிலும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

கோணம் என்னும் அடை ஏன் வந்ததெனில், மோட்டாரின் தண்டு நீளவாட்டில் கைப்பிடியினூடே செல்ல, தட்டைத் தாங்கும் சுழல் அச்சு அதற்குச் செங்கோணத்தில் நிற்கின்றது. இரண்டுக்கும் இடையே சாய்ந்த பற்களையுடைய இரு பற்சில்லுகள் உள. அவை சுழற்சியின் திசையைத் திருப்புவதோடு மோட்டாரின் கடுவேகத்தைக் குறைத்தும் கொடுக்கின்றன. குறைத்த பின்னரும் எஞ்சும் வேகம் சாமானியமானதன்று. நூறு மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டொன்று நிமிடத்துக்குப் பதினோராயிரம் முறை சுழலும்போது, அதன் விளிம்பு செக்கனுக்கு 57 மீற்றருக்கு மேற் செல்கின்றது. அதாவது மணிக்கு இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். நம் நாட்டின் அதிவேக நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு நூறு கிலோமீற்றர். அதனைப்போல் இரு மடங்கு வேகத்தில் ஓடும் ஒரு விளிம்பை நம் முகத்துக்கு முன்னே ஒரு முழ தூரத்திற் பிடித்துக்கொண்டு வேலை செய்கின்றோம் என்பதை நெஞ்சில் நிறுத்திக்கொண்டால், இனிச் சொல்லப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

முதலில் தெரிவு. கோணச் சாணைகளை அவற்றிற் பொருந்தும் தட்டின் விட்டத்தைக் கொண்டு அளவிடுவர். 100, 115, 125, 180, 230 மில்லிமீற்றர் என்பன வழக்கிலுள்ள அளவுகள். நம் கடைகளில் இவற்றை நாலங்குலம், நாலரை, ஐந்து, ஏழு, ஒன்பது என்று அங்குலக் கணக்கிற் கேட்டாலே தருவர். வீட்டுத் தேவைக்கும், படலைக் கம்பி, கதவுப் பூட்டுத் தகடு, பாடசாலை மேசை வாங்குகளின் இரும்புக் கால் போன்றவற்றைச் செப்பனிடுவதற்கும் நாலங்குலக் கருவி போதும். சற்றுக் கனமான வேலை செய்வார்க்கு ஐந்தங்குலம் நன்று. ஒன்பதங்குலக் கருவி இரு கைகளாலும் வலுவாகத் தாங்கப்பட வேண்டியது. கல்லையும் தடித்த இரும்பையும் நாள்தோறும் வெட்டும் தேர்ந்த கைகளுக்குரியது. ‘பெரிதாய் வாங்கினால் எல்லாவற்றுக்கும் உதவும்’ என்னும் நினைப்பு நெல் மூடை வாங்கும்போது சரி; இங்கே சரியன்று. பெரிய கருவி பெரிதாக உதறும்.

வலுவைப் பொறுத்தவரை, சிறிய கருவிக்கு 700 முதல் 900 வாற்று வரை இருப்பது நலம். வலுக் குறைந்த கருவி வெட்டுவாயில் தடைப்பட்டு நிற்கும். நின்றால் வேலை செய்பவர் மேலும் அழுத்துவார். அழுத்தம் விபத்தின் தொடக்கம். இப்பொழுது பதினெட்டு வோல்ற்றுப் பற்றறியில் இயங்குவனவும் கிடைக்கின்றன. வயர் இழுபடாத வசதி அவற்றில் உண்டு. பற்றறியின் விலையையும் ஆயுளையும் கணக்கிற் கொண்டு வாங்குக. வலுவைக் காட்டிலும் நான் முதன்மையாகக் கருதுவது சுவிச்சின் வகையை. மலிவான கருவிகளில் சுவிச்சு முன்னே தள்ளப்பட்டதும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். கருவி கையிலிருந்து நழுவினாலும் சுழற்சி நிற்காது. வேறு சிலவற்றில் கைப்பிடியின் அடியில் துடுப்புப் போன்ற ஒரு தகடு இருக்கும். அதனை அழுத்திப் பிடித்திருக்கும் வரையிலேயே மின்சாரம் பாயும். பிடி தளர்ந்ததும் நின்றுவிடும். விலை சற்றுக் கூடினும் இரண்டாவது வகையையே வாங்குமாறு நான் பரிந்துரைப்பேன்.

பூட்டும் சுவிச்சில் இன்னுமோர் அபாயம் உண்டு. 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்த காலத்தை நாம் மறந்துவிடவில்லை. வேலை நடக்கும்போது மின்சாரம் நின்றால், கருவி ஓய்ந்துவிட்டது என்று அதனை மேசைமேல் வைத்துவிட்டுப் போவது மனித இயல்பு. சுவிச்சு முன்னே தள்ளிய நிலையிலேயே இருக்கும். மின்சாரம் மீண்டதும் அக்கருவி ஆளில்லாமலே சுழலத் தொடங்கி மேசையிலிருந்து பாய்ந்து விழும். மின்சாரம் மீண்டாலும் தானாக இயங்காதவாறு தடுக்கும் அமைப்பு சில கருவிகளில் இப்பொழுது உண்டு; கடையில் கேட்டறிந்து வாங்கலாம். அவ்வமைப்பு இருப்பினும் இல்லாவிடினும், மின்சாரம் நின்ற கணத்திலேயே பிளக்கைக் கழற்றும் பழக்கம் கைக்கு வரவேண்டும்.

இனி, தட்டை அரைவட்டமாக மூடி நிற்கும் காப்பு மூடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாட்டில் எந்தப் பட்டறைக்குச் சென்றாலும் நாம் காண்பது மூடியற்ற கிறைண்டரையே. அது பெட்டியிலிருந்து வெளிவந்த நாளே கழற்றி எறியப்பட்டிருக்கும். ஏன் என்று வினவினால் மூலைக்குள் புகாது என்பர், வெட்டுவாய் தெரியாது என்பர். பெரும்பாலும் உண்மைக் காரணம் வேறு: சிறிய கருவியிற் பெரிய தட்டைப் பூட்ட மூடி இடங்கொடாது. மூடியைக் கழற்றினால் நாலங்குலக் கருவியில் ஏழங்குலத் தட்டையும் மாட்டிவிடலாம். ஒரு கருவியின் விலை மீதமாகிவிடும் என்பது கணக்கு.

அக்கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். பிசினாற் பிணைக்கப்பட்ட வழக்கமான தட்டுகள், விளிம்பு வேகம் செக்கனுக்கு 80 மீற்றர் வரை தாங்குமாறு செய்யப்படுகின்றன. விட்டம் பெரிதாகப் பெரிதாக அவ்வெல்லைக்குட்பட்ட சுழற்சி எண்ணிக்கை குறைந்துகொண்டே செல்லும். ஆதலின் நாலங்குலத் தட்டில் நிமிடத்துக்கு 15,300 சுழற்சி என்று அச்சிட்டிருக்கும். ஐந்தங்குலத் தட்டில் 12,200. ஏழங்குலத் தட்டில் 8,500. ஒன்பதங்குலத் தட்டில் 6,600. இப்பொழுது ஏழங்குலத் தட்டை, பதினோராயிரம் முறை சுழலும் சிறு கருவியிற் பூட்டினால் அதன் விளிம்பு செக்கனுக்கு நூறு மீற்றரைக் கடந்துவிடும். சுழலும் பொருளைப் பிய்த்தெறிய முயலும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவது. எனவே அத்தட்டு தன் எல்லை வேகத்தில் தாங்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட இழுவிசையைத் தாங்க வேண்டிவரும். தட்டு உடைந்தால் துண்டுகள் அதே வேகத்தோடு தொடுகோட்டின் வழியே பறக்கும். அவற்றைத் தடுத்து நிறுத்த வேண்டிய மூடியோ பட்டறையின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். ஒரே செயலால் ஆபத்தை அழைப்பதும் அதற்கெதிரான தடுப்பை அகற்றுவதும் நிகழ்கின்றன.

இதே வகையிற் சேர்ந்ததுதான் மரம் அறுக்கும் பல்வாளைக் கோணச் சாணையில் மாட்டுவது. தச்சு வேலைத் தலங்களில் இதனைக் கண்டிருக்கின்றேன். பல்வாள் மரத்தைக் கவ்வும் இயல்பினது. கவ்வினால் கருவி முழுவதும் பின்னோக்கித் துள்ளும். அதற்கென அமைந்த வட்ட வாட் கருவியில் அடித்தட்டும் தானே மூடிக்கொள்ளும் காப்பும் உண்டு. கோணச் சாணையில் அவை இல்லை. தொடையிலும் கையிலும் ஏற்படும் ஆழ்ந்த வெட்டுகளுக்கு இது ஒரு பெருங் காரணம். மரத்துக்கு மர வாள். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை.

தட்டுகளின் வகைக்கு வருவோம். இரும்பை வெட்டுவதற்கான தட்டு ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள மெல்லிய வட்டம். ஒட்டுவேலையின் மேட்டை அராவி மட்டமாக்குவதற்கான தட்டு ஏறக்குறைய ஆறு மில்லிமீற்றர் தடிப்பானது, நடுவிலே குழிந்திருக்கும். வெட்டும் தட்டு விளிம்பால் மட்டும் வேலை செய்யப் பிறந்தது. அதன் பக்கத்தை இரும்பிற் சாய்த்து அராவுதல், நின்ற அப்பளத்தைப் பக்கவாட்டில் அழுத்துவதற்கு ஒப்பாகும். எனினும் தட்டு மாற்றும் சோம்பலினால் பலர் இதனைச் செய்கின்றனர். அன்று உடையாவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பொன்று தட்டிலே தங்கி, மறுநாள் வேறொருவர் கையில் உடையும். கல், ரைல்ஸ், கொங்கிறீற்று ஆகியவற்றுக்கு விளிம்பில் வைரத்துகள் பதித்த உலோகத் தட்டு உண்டு. துரு உரிப்பதற்குக் கம்பித் தூரிகை உண்டு. அதன் கம்பிகள் தேய்ந்து கழன்று ஊசிபோல் பறந்து ஆடையைத் துளைக்கும் என்பதை அதனை வாங்குவார் அறிந்திருத்தல் வேண்டும். நிறந் தீட்டுவதற்கு முன் மெருகிடுவோர், உப்புத்தாள் இதழ்களை அடுக்கிச் செய்த தட்டைப் பயன்படுத்துவர். பழகுவார்க்கு ஏனையவற்றைக் காட்டிலும் சாதுவானது அதுவே.

தட்டின் முகத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகள் அலங்காரத்துக்கு உரியவையல்ல. ஆங்கில ‘ஏ’ எழுத்து அலுமினிய ஒட்சைட்டு மணிகளையும், அதாவது இரும்புக்கு உகந்ததையும், ‘சி’ எழுத்து சிலிக்கன் காபைட்டையும், அதாவது கல்லுக்கு உகந்ததையும் குறிக்கும். அதனையடுத்த எண் மணியின் பருமன். எண் கூடக் கூட மணி நுண்மையாகும். ‘பி எஃப்’ என்றிருந்தால் பிசினாற் பிணைத்து நார்வலையால் உறுதிப்படுத்தியது என்பது பொருள். துருப்பிடியா உருக்குக்கென இரும்பு, கந்தகம், குளோரீன் சேராத தட்டுகள் தனியே உள. சாதாரண இரும்பை வெட்டிய தட்டால் அவ்வுருக்கை வெட்டினால் சில மாதங்களில் வெட்டுவாயிலே துருப்படியும். அலுமினியத்தைச் சாதாரணத் தட்டால் அராவுவது வீண். மென்மையான அவ்வுலோகம் மணிகளுக்கிடையே அப்பிக்கொள்ள, தட்டு சூடேறிப் பழுதாகும்.

தட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தைக் கடைக்காரர் முன்னிலையிலேயே உற்றுப் பாருங்கள். அங்கே மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பிணைப்புப் பிசின் காலஞ் செல்லச் செல்லவும் ஈரம் பட்டும் வலுவிழப்பதாதலின், செய்த நாளிலிருந்து மூன்றாண்டு என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. மருந்துப் போத்தலின் திகதியைப் பார்க்கும் நாம் இதனைப் பார்ப்பதில்லை. மாரிகாலத்து ஈரச் சுவரோரம் சாத்தி வைத்த தட்டு, திகதிக்கு முன்னரே நம்பத்தகாததாகிவிடும். நடுத்துளையின் அளவையும் ஒப்பிடுக. நாலங்குலத் தட்டுக்குப் பெரும்பாலும் 16 மில்லிமீற்றர். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 22 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடியது. பொருந்தாத துளையை அராவிப் பெருப்பித்தும், கடதாசி சுற்றிச் சிறுப்பித்தும் மாட்டும் ‘கைவேலை’ உயிரோடு விளையாடுவதாகும். தவறி நிலத்தில் விழுந்த தட்டை, முழுமையாகத் தோன்றினும், எறிந்துவிடுக.

தட்டு மாற்றும்போது பிளக் சுவரிலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். சுவிச்சை நிறுத்துவது மட்டும் போதாது. புதுத் தட்டைப் பூட்டியதும் கையாலே ஒரு முறை சுழற்றிப் பார்த்து, பின் தட்டின் தளத்துக்கு விலகி நின்று, ஒரு நிமிடம் வெறுமையாக ஓட விடுதல் வேண்டும். பழுதுள்ள தட்டு பெரும்பாலும் அந்த நிமிடத்திலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும். பக்கக் கைப்பிடி பூட்டாத கருவியைத் தொடவே கூடாது.

வேலையின்போது உண்டாகும் பெரும் அபாயம் பின்னுதைப்பு. வெட்டப்படும் கம்பி தொய்ந்து வெட்டுவாய் ஒடுங்கினால் தட்டு இடையில் இறுகிவிடும். தட்டு நிற்க முயலும், மோட்டார் நிற்காது. அவ்வாற்றல் முழுவதும் கருவியைத் தட்டின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் எறியும். அது கண்ணிமைக்கும் பொழுதினும் விரைந்து நிகழ்வதாதலின், நிகழ்ந்த பின் சமாளிப்பேன் என்பது ஆகாத பேச்சு. தவிர்க்கும் வழி வெட்டுவதற்கு முன்னரே உளது. நீண்ட கம்பியை இரு முனைகளிலும் கல்லில் தாங்கி நடுவிலே வெட்டினால் அது கீழ்நோக்கித் தொய்ந்து தட்டைக் கவ்வும். வெட்டும் இடத்துக்கு ஒரு புறத்திலே கம்பியை இறுகப் பிணித்து, மறுபுறத் துண்டு தானே கீழே விழுமாறு விட்டால் வெட்டுவாய் விரியும்; தட்டு இறுகாது. காலால் மிதித்துக்கொண்டு கம்பியை வெட்டும் வழக்கம் நம்மவரிடம் மலிந்துள்ளது. செருப்பணிந்த காலுக்கும் சுழலும் விளிம்புக்கும் இடையே நான்கு விரற்கடையே இருக்கும். வெட்டும்போது தட்டு மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அராவும்போது பதினைந்து முதல் முப்பது பாகை வரை சாய்ந்திருக்கலாம். வெட்டை வளைத்துத் திருப்ப முயலலாகாது. உடல் தட்டின் தளத்துக்கு நேரே நில்லாது ஒரு பக்கமாக நிற்க வேண்டும். கருவியின் எடையே பெரும்பாலும் போதுமான அழுத்தம். சுவிச்சை நிறுத்திய பின்னும் தட்டு சில செக்கன் சுழலும். அதனை அப்படியே மண்ணிலோ மடியிலோ வைப்பவர்களைக் கண்டு நான் பதைத்ததுண்டு.

ஆடையைப் பற்றி ஒரு சொல். சாரமும் சால்வையும் நம் வெப்பத்துக்கு உகந்த நல்லுடைகள், இவ்வேலைக்கு உகந்தவையல்ல. தொங்கும் நூலொன்று போதும், தட்டு துணியையும் துணிக்குள் இருப்பவரையும் சேர்த்து இழுக்க. நூற் கையுறையும் அவ்வாறே சிக்கும். இறுகப் பொருந்திய தோற் கையுறையே தக்கது.

பறக்கும் பொறி என்பது வெறும் ஒளியன்று. இரும்பின் நுண்துகள் காற்றில் எரிந்துகொண்டு செல்வதே பொறி. கிடுகு வேலியும் பனையோலைக் கூரையும் உள்ள வளவுகளில், கோடை நாளில், பத்தடி தூரத்தில் வீழ்ந்த பொறி உடனே சுடர்விடாது. கனன்று கிடந்து, வேலையாள் வீடு சென்ற பின் பற்றும். வேலை முடிந்து அரைமணி நேரமாவது அவ்விடத்தைப் பார்த்திருத்தல் வேண்டும். ஒரு வாளி தண்ணீர் அருகே இருப்பது நலம். இதனினும் கொடியது, எண்ணெயோ தீந்தையோ இருந்த மூடிய பீப்பாவை வெட்டுதல். நீர்த்தொட்டிக்கும் குப்பைத் தொட்டிக்கும் பழைய பீப்பாவை இரண்டாக வெட்டுவது நம் ஊர்களில் வழக்கம். வெறும் பீப்பாதானே என்பர். நிறைந்த பீப்பாவைக் காட்டிலும் வெறும் பீப்பாவே அஞ்சத்தக்கது. உள்ளே எஞ்சிய ஆவி காற்றோடு கலந்து வெடிமருந்துக்கு ஒப்பாக நிற்கின்றது. ஒரு பொறி உட்புகுந்தால் மூடி வானுக்கும், அருகே நின்றவர் மருத்துவமனைக்கும் செல்ல நேரும். அத்தகைய பீப்பாவைச் சாணையால் வெட்டவே வேண்டாம்.

எனினும் இக்கருவி அன்றாடம் காவு கொள்வது கண்களையே. என் பழைய மாணவன் ஒருவன் பட்டறையொன்றிற் சேர்ந்து ஓராண்டு கழியுமுன் வலக் கண்ணின் பார்வையை இழந்தான். அவன் அன்று கருவியைத் தொடவில்லை. அருகிலே ஒருவர் அராவிக்கொண்டிருக்க, இவன் கம்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றான். துகள் பட்டதும் கண்ணைக் கசக்கினான். பட்டறையிலிருந்தவர் துணியின் முனையைத் திரித்து எடுக்க முயன்றார். இரண்டு நாள் கழித்தே கண் வைத்தியரிடம் சென்றான். சித்திரம் வரைவதில் வல்லவனாயிருந்தவன் அவன். பாடசாலைச் சுவரில் அவன் தீட்டிய படம் இன்றும் இருக்கின்றது. ஆதலின் சொல்கின்றேன்: சாதாரண மூக்குக்கண்ணாடியும் வெயிற் கண்ணாடியும் பாதுகாப்பாகா; அவற்றின் பக்கத்து இடைவெளியால் துகள் நுழையும். முகத்தோடு பொருந்தி நாற்புறமும் மூடும் காப்புக் கண்ணாடி வேண்டும்; அதன்மேல் முகக் கவசமும் அணிதல் சிறந்தது. வேலை செய்பவருக்கு மட்டுமன்று, அருகே நிற்பவருக்கும் அது வேண்டும். தூசி விழுந்தாற் சுத்த நீரால் கழுவலாம். துகள் பதிந்துவிட்டதாயின் கசக்குவதும் குச்சியால் நெம்புவதும் கேடு. கண்ணை அழுத்தாமல் மூடி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பதிந்த இரும்பு கண்ணுக்குள்ளேயே துருப்பிடிக்கும். ஒவ்வொரு நாளும் அதன் கறை பரவும்.

தூசியின் தீமை கண்ணின் தீமைபோல் உடனே தெரிவதன்று. கருங்கல், ரைல்ஸ், கொங்கிறீற்று ஆகியவற்றை உலர்வாக வெட்டும்போது எழும் வெண்புகையில் பளிங்கு வடிவச் சிலிக்கா உண்டு. அதன் நுண்துகள் நுரையீரலின் அடிவரை சென்று வடுவை உண்டாக்கும், அவ்வடு மாறுவதில்லை. உலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதனை 1997 ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் விளைப்பனவற்றின் முதற் தொகுதியிற் சேர்த்தது. சமையலறை மேடைக்குப் பதிக்கும் செயற்கைக் கல்லிலே சிலிக்காவின் பங்கு மிகுதி. அதனை வெட்டிய இளந் தொழிலாளர் பலர் நோயுற்றதைக் கண்டு அவுஸ்திரேலியா 2024 ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதியிலிருந்து அக்கல்லைத் தடைசெய்துவிட்டது. முகத்திற் கட்டும் லேஞ்சி இத்தூசியைத் தடாது. ‘என் 95’ வகை முகமூடியாவது வேண்டும். நீர் தெளித்து வெட்டினால் தூசி அடங்கும். ஆயின் சாதாரண மின் கோணச் சாணையில் நீர் ஊற்றினால் மின்சாரம் தாக்கும். அதற்கென அமைந்த கருவி வேறு.

நம் நாட்டுக் கூரைகளிற் பரவலாகக் காணப்படும் அஸ்பெஸ்ரோஸ் தகட்டைக் கோணச் சாணையால் வெட்டுவதை நான் எவ்வகையிலும் ஏற்கமாட்டேன். சில நிமிட வேலையில் எண்ணற்ற நார்த்துகள்கள் வளவெங்கும் பரவும். அவற்றால் வரும் புற்றுநோய் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுவதாதலின், யாரும் அந்நோயை அந்த நாளின் வேலையோடு சேர்த்து நினைப்பதில்லை. கூரை வேய்வார் வெட்டிக்கொண்டிருக்கப் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும் காட்சியை யான் பலமுறை கண்டதுண்டு. தகட்டை நனைத்துக் கைவாளால் மெதுவாக அறுப்பது இதனிலும் பன்மடங்கு மேல். அளவுக்கேற்ற தகட்டை வாங்கி வெட்டாமலே பதிப்பது அதனிலும் மேல்.

செவியையும் மறக்கலாகாது. அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவகத்தின் அளவுகோற்படி நூறு டெசிபெல் ஒலியைக் காப்பின்றி நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடமே கேட்கலாம். கோணச் சாணை அவ்வளவு ஒலியை எளிதில் எழுப்புவது. காதடைப்பான் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் செலவு. நாள் முழுவதும் ஆண்டுக்கணக்கில் அதிர்வைத் தாங்கும் விரல்கள் குளிரில் வெளுத்து உணர்விழப்பதும் உண்டு. வேலையை இடையிட்டுச் செய்வதே அதற்கு வழி.

மின்னிணைப்பில் இரண்டொரு குறிப்பு. கருவியின் பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் பொறித்திருந்தால் அது இரட்டைக் காவலிட்டது; நிலத்தொடுப்பு வயர் வேண்டுவதில்லை. ஆயினும் வீட்டு மின்சாரப் பெட்டியில் 30 மில்லி அம்பியர்க் கசிவுக்கே விழும் ட்ரிப் சுவிச்சு இருத்தல் அவசியம். இரண்டாயிரம் வாற்றுக் கருவி நம் 230 வோல்ற்று இணைப்பில் ஏறத்தாழ ஒன்பது அம்பியர் இழுக்கும்; வானொலிப் பெட்டிக்கு வைத்த மெல்லிய நீட்டிப்பு வயர் அதற்கு ஈடாகாது. நீட்டிப்பு வயரைச் சுருளாகவே வைத்துப் பயன்படுத்தினால் சுருள் சூடேறி உருகும். முழுவதையும் விரித்துவிட வேண்டும். காற்றுத் துளைகளுக்குள்ளே வழக்கத்துக்கு மாறாக நீலப் பொறி மிகுந்தால் உள்ளிருக்கும் காபன் கட்டைகள் தேய்ந்துவிட்டன என்பது குறிப்பு. சிறு செலவில் மாற்றலாம்.

நம் நாட்டில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் உரிய விதிகளைக் கூறுகின்றது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வேலையில் ஊறுபட்டவர்க்கு நட்டஈடு பற்றிக் கூறுகின்றது. ஓலைக் கொட்டிலின் கீழ் இருவர் மூவர் வேலைசெய்யும் பட்டறையின் வாசலுக்கு இவை எப்பொழுது வந்து சேரும் என்று காத்திராமல், பிள்ளையைத் தொழில் பழக விடும் தந்தையோ தாயோ முதல் நாள் தாமே கூடச் செல்லலாம். உரிமையாளரோடு வணக்கமாகப் பேசிக்கொண்டே சுற்றிலும் பார்க்கலாம். கிறைண்டரில் மூடி இருக்கின்றதா, ஆணியிலே காப்புக் கண்ணாடி தொங்குகின்றதா, தொங்கினால் அது ஒன்றா, ஆளுக்கு ஒன்றா என்பன கேளாமலே தெரியும். ஒன்றுமே இல்லையாயின், முகமூடியும் கண்ணாடியும் தோற் கையுறையும் வாங்கிப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள். ‘இது வீட்டிலிருந்து தந்தது, போட்டுத்தான் வேலை செய்வான்’ என்று உரிமையாளரிடம் அப்பிள்ளையின் முன்னிலையிலேயே சொல்லி விடுங்கள். மற்றப் பையன்கள் சில நாள் நகைப்பர். அப்பிள்ளை கூச்சப்பட்டுக் கழற்றிவிடாதிருக்க, வாரத்துக்கு ஒரு முறையாவது அப்பக்கமாகச் சென்று பார்த்து வருதல் நன்று.